இந்தோனேசியா வீடியோ பார்க்க ஆரம்பிக்கணும்னா முதல்ல எது: நெட்ஃப்ளிக்ஸா, பேய்ப்படமா, யூடியூபா, கொப்லோவா?

தி ரெய்ட்ங்கற சண்டைப்படம் பார்த்து மிரண்டு போனவங்க ஒரு பக்கம், 2025ல நீளமான படகு முனைல கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னு கையச் சுத்திச் சுத்தி ஆடுன பையன் வீடியோவ ஷேர் பண்ணவங்க இன்னொரு பக்கம், ரெண்டு தரப்பும் கேக்குறது ஒரே கேள்விதான், இந்தோனேசியால வேற என்ன பார்க்கலாம், எங்க இருந்து ஆரம்பிக்கலாம். நல்ல கேள்வி. ஏன்னா தப்பான எடத்துல ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல விட்டுடுவீங்க, சுமார் 28 கோடி பேர் இருக்கற ஒரு நாட்டோட பாட்டு, சிரிப்பு, பயம், வம்பு எல்லாமே கைக்கு எட்டற தூரத்துல இருந்தும் இல்லாம போயிடும்.

ஒவ்வொரு வழியையும் எடை போடறதுக்கு நான் சில விஷயம் பார்க்குறேன். பாஷை தெரியாம பார்க்க முடியுமா, நாம இருக்கற நாட்டுல அது கிடைக்குமா, வீட்ல எல்லாரும் இருக்கறப்ப போட முடியுமா. இதெல்லாத்த விடவும் முக்கியமா, அங்க இருக்கற சனங்களே அதத்தான் பார்க்குறாங்களா, இல்ல வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு பேக் பண்ணி அனுப்புனதா. இந்த கடைசி கேள்விய மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிடறேன், என் ஓட்டு கொப்லோ மேடை வீடியோவுக்கும் (கொப்லோங்கறது ஊர் விசேஷ மேடைல வேகமான மேளத்தோட பாடற பாட்டு) ஒரு அரை மணி நேர கிராமத்துக் குறும்படத்துக்கும்தான். ஏன்னு சொல்றேன், ஆனா மத்ததையும் ஒவ்வொண்ணா பார்த்துடலாம், ஏன்னா உங்க தேவை வேறயா இருக்கலாம்.

முதல்ல ஆக்‌ஷன் படமும் நெட்ஃப்ளிக்ஸும். இது ரொம்ப சுலபமான வழி. 2011ல வந்த தி ரெய்ட் படத்துக்கு பாஷையே வேணாம், ஒரு அடுக்குமாடி பில்டிங், மேல் மாடில ஒரு போதை மருந்து தாதா, கீழ இருந்து ஏறிப் போற போலீஸ் டீம், அவ்வளவுதான் கதை, மிச்சமெல்லாம் பென்சாக் சிலாட்ங்கற அந்த ஊர் தற்காப்புக் கலைச் சண்டை. டைரக்டர் கேரத் எவன்ஸ் வேல்ஸ்காரர், சிலாட் பத்தி டாகுமெண்ட்ரி எடுக்கப் போன எடத்துல ஈக்கோ உவைஸப் பார்த்து 2009ல மெரந்தாவ்னு ஒரு படத்துல நடிக்க வச்சு, அப்புறம்தான் ரெய்டுக்கு வந்தாங்க. கூட நடிச்ச ஜோ தஸ்லிம் நேஷனல் ஜூடோ டீம்ல இருந்தவர். அடி ஒவ்வொண்ணும் நிஜமா விழற மாதிரி தெரியறதுக்கு காரணம் இதுதான், நடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு சண்டை கத்துக்கொடுக்கல, சண்டை தெரிஞ்சவங்கள கேமரா முன்னாடி நிறுத்துனாங்க.

படம் அருமை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா இத வச்சு இந்தோனேசியாவ புரிஞ்சுக்கலாம்னு நினைச்சா அது நடக்காது. உலகத்துக்கு அந்த நாட்டு சினிமாவக் காட்டிக்கொடுத்தது ஆக்‌ஷன், ஆனா அவங்க ஊர் தியேட்டர்ல கூட்டம் அம்முறது பேய்ப்படத்துக்கும் காமெடிக்கும் குடும்பத்தோட பார்க்கற படத்துக்கும். சண்டைப் படத்த மட்டும் பார்த்துட்டு ஜகார்த்தா போனீங்கன்னா அங்க யார்கிட்டயும் பேச ஒரு விஷயமும் இருக்காது.

நெட்ஃப்ளிக்ஸ்ல ஒண்ணு மட்டும் தனியா சொல்லணும், 2023 நவம்பர்ல வந்த கடிஸ் க்ரேத்தேக். அஞ்சே எபிசோட், கமிலா அந்தினியும் இஃபா இஸ்ஃபான்ஷாவும் சேர்ந்து எடுத்தது, ராத்தி குமாலா எழுதுன நாவல்ல இருந்து வந்தது. க்ரேத்தேக்னா கிராம்பு கலந்த சிகரெட், ஜாவாவுல அது பெரிய தொழில், அந்த புகையிலைக்கு ஊத்தற வாசனைக் கலவைய சவுஸ்னு சொல்றாங்க, அந்த கலவை ரூமுக்குள்ள பொண்ணுங்க போகக்கூடாது. முதலாளியோட பொண்ணு டாஸியாவுக்கு அந்த வீட்ல இருக்கற எந்த ஆம்பளைய விடவும் மூக்கு கூர்மை, ஆனா அந்த கதவு மட்டும் அவளுக்குத் திறக்காது. டாஸியாவா நடிக்கற டியான் சாஸ்த்ரோவார்டோயோ அந்தக் கதவு முன்னாடி நிக்கற நிற்பு இருக்கே, வசனமே வேணாம். அப்புறம் கதை 1965க்குள்ள போகுது, இந்தோனேசியால கம்யூனிஸ்ட்னு முத்திரை குத்தி லட்சக்கணக்குல மக்களக் கொன்ன காலம் அது, அந்த வலிய ஒரு காதல் கதைக்குள்ள வச்சு சொல்றாங்க. தரம்னு பார்த்தா நான் சொல்ற எல்லாத்துலயும் இதுதான் மேல. இருந்தும் இத முதல்ல பார்க்காதீங்கன்னுதான் சொல்வேன், ஜாவா வீடு, வேலைக்காரங்க பேசற மரியாதை, அம்மா மகள்கிட்ட சுத்தி வளைச்சு சொல்றது, இதெல்லாம் கொஞ்சம் பழகுன பிறகு பார்த்தா ரெண்டு மடங்கு உள்ள இறங்கும்.

அடுத்து பேய்ப்படம். இங்கதான் இந்தோனேசிய தியேட்டர் உயிரோட இருக்கு. கேகேஎன் டி டேசா பெனாரி படத்த எடுத்துக்கோங்க. கேகேஎன்னா காலேஜ் பசங்க கொஞ்ச நாள் கிராமத்துல தங்கி ஊருக்கு வேலை செய்யணும்கற ஒரு திட்டம், அங்க டிகிரி வாங்கற நெறைய பேர் கடந்து வந்தது. 2019ல சிம்பிள்மேன்ங்கற பேர்ல ஒருத்தர் ட்விட்டர்ல ஒரு த்ரெட் எழுதுறாரு, ஆறு ஸ்டூடண்ட்ஸ் ஒரு காட்டோர கிராமத்துக்குப் போய் அந்த ஊர் கட்டுப்பாட்ட மீறுன கதை, அதையும் ஒரு தடவ விட்யாங்கற பொண்ணு பார்த்த மாதிரியும் திரும்ப நூர்ங்கற பொண்ணு பார்த்த மாதிரியும் ரெண்டு பாகமா. நாடே ராத்திரி முழிச்சு போன்ல படிச்சுது. படம் ரெடியாகி கொரோனாவால தள்ளித் தள்ளிப் போய் 2022 ஏப்ரல் 30, லெபாரான் லீவு நேரத்துல வந்துச்சு, ஏறக்குறைய ஒரு கோடி டிக்கெட். லெபாரான்னா நோன்புப் பெருநாள், மொத்த நாடும் சொந்த ஊருக்குக் கிளம்பற நேரம், தியேட்டருக்கு அதுதான் பெரிய சீசன்.

ஆனா நீங்க பேய்ப்படத்துல ஆரம்பிக்கறதா இருந்தா கேகேஎன் வேணாம், ஜோகோ அன்வார் எடுத்த பெங்காப்டி சேத்தான், 2017. 1980ல வந்த பழைய படத்த அவர் திரும்ப எடுத்தது. 1981ல நடக்கற கதை, ஊருக்கு வெளிய ஒரு பழைய வீடு, ஒரு காலத்துல பாடகியா இருந்த அம்மா பல வருஷமா படுக்கைல, குரல் வராது, கூப்பிடணும்னா ஒரு சின்ன மணிய ஆட்டுவாங்க, மாடில இருந்து மணி சத்தம் கேட்டா பிள்ளைங்க யாராவது ஓடணும். அம்மா செத்துப் போன பிறகும் அந்த மணி அடிக்குது. இத்தனைக்கும் ஒரு பைசா கிராஃபிக்ஸ் கிடையாது அந்த எடத்துல, ஒரு மணி, ஒரு மாடிப்படி, ஒரு சின்னப் பையன் முகம், அவ்வளவுதான். பணமில்லாம கஷ்டப்படற குடும்பம், அம்மாவோட மருந்துச் செலவு, வேலை தேடி டவுனுக்குக் கிளம்பற அப்பா, இந்த கவலையெல்லாம் பேய விட முன்னாடியே வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கும். கஃபன் துணி சுத்தி முடிச்சுப் போட்ட பிணமா வர்ற போச்சோங்கும் இந்தப் படங்கள்ல அடிக்கடி வரும், அடக்கம் பண்றப்ப அந்த முடிச்ச அவுக்காம விட்டா ஆவி அலையும்னு நம்பிக்கை.

இந்த வழில இருக்கற ஆபத்து என்னன்னா குப்பை ரொம்ப அதிகம். செலவு கம்மி, வசூல் நிச்சயம்னு வருஷம் முழுக்க வரிசையா விடறாங்க, அதுல பாதி வெறும் சத்தம் வச்சு திடுக்கிட வைக்கறதுதான். அத விட எனக்கு ஆத்திரம் வர்றது உண்மைச் சம்பவம்னு சொல்லி எடுக்கறதுல. சிரேபோன்ல 2016ல ஒரு சின்னப் பொண்ணும் அவ நண்பனும் கொல்லப்பட்ட கேஸ வச்சு 2024ல ஒரு படம் வந்துச்சு, 50 லட்சம் பேருக்கு மேல பார்த்தாங்க, படம் கிளப்புன சூட்டுல போலீஸ் திரும்ப தேடுதல் ஆரம்பிச்சு ஒருத்தரக் கைது பண்ணாங்க, கோர்ட் அந்த நடவடிக்கை செல்லாதுன்னு சொல்லி அவர வெளிய விட்டுச்சு. படம் பண்ணவங்க ஒரு பொண்ணோட கடைசி நேரத்த டிக்கெட்டா வித்தாங்க, அதுக்கு இன்னொரு மனுஷனும் விலை கொடுத்தார். அந்த வகைய நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்.

டிவி சீரியல், அதாவது சினெட்ரான் பத்தி சீக்கிரம் முடிச்சுடறேன். தினமும் ஓடும், 2012ல இருந்து 2017 வரைக்கும் ஆர்சிடிஐ சேனல்ல ஓடுன ஒரு சீரியல் 2000 எபிசோடத் தாண்டிடுச்சு. கொரோனா சமயத்துல 2020ல ஆரம்பிச்ச இக்காத்தான் சிந்தா நாட்டையே டிவி முன்னாடி உட்கார வச்சுது. பாஷை கத்துக்கறவங்களுக்கு இது உதவும், ஏன்னா மெதுவா தெளிவா பேசுவாங்க, அழுகைக்கு நடுவுல ஒரே வாக்கியம் நாலு தடவ வரும். ஆனா 2021ல ஒரு சேனல்ல 15 வயசுப் பொண்ண ஒரு நடுவயசு ஆளோட மூணாவது பொண்டாட்டியா நடிக்க வச்சாங்க, சனங்க கொதிச்சுப் போய் ஒளிபரப்புக் கமிஷன் தலையிட வேண்டியதாச்சு. அந்த மாதிரி ஒரு தயாரிப்பு முறைல இருந்து ஆரம்பிக்க வேணாம்ங்கறதுதான் என் கருத்து. ஒரு சுவையான தகவல், அதே நாட்டு டிவில 2014 வாக்குல நம்ம இந்தி மகாபாரதம் ஆன்டிவி சேனல்ல ஓடி சக்கைப்போடு போட்டுச்சு, அர்ஜுனனா நடிச்ச ஷஹீர் ஷேக் அங்க போனா ரசிகர் கூட்டம் தாங்காது.

இப்ப யூடியூப். இதுக்குள்ள மூணு விதமான விஷயம் கலந்து கிடக்கு, அத பிரிச்சுப் பார்க்கலன்னா குழம்பிடுவீங்க.

ஒண்ணு, பெரிய ஸ்டார் சேனல்ங்க. ஆட்டா ஹலிலிந்தார், ரஃபி அஹமதோட ரான்ஸ், டெடி கோர்புசியரோட பாட்காஸ்ட். வீடு, கார், குழந்தை, கல்யாணம் எல்லாமே கண்டெண்ட். ஆட்டாவும் ஆவுரேலும் 2021 ஏப்ரல்ல கல்யாணம் பண்ணப்ப டிவில லைவ் போச்சு, சாட்சிக்கு வந்தது பிரசிடெண்ட் ஜோகோவியும் அப்ப பாதுகாப்பு மந்திரியா இருந்த பிரபோவோவும். கொஞ்ச வருஷம் கழிச்சு பிரபோவோ பிரசிடெண்ட் ஆனதும் ரஃபி அஹமத் அவரோட ஸ்பெஷல் தூதரா போறாரு, மேஜிக் ஷோ பண்ணிக்கிட்டிருந்த டெடி கோர்புசியர் பாதுகாப்பு அமைச்சகத்துல ஸ்பெஷல் ஸ்டாஃபா போறாரு. 2024 தேர்தல்ல பழைய ராணுவ ஜெனரலான பிரபோவோவ கொழுகொழு தாத்தாவா டான்ஸ் ஆட வச்சு டிக்டாக்ல ஓட விட்டாங்க, ஜெயிச்சுட்டாரு. ஆகவே இந்த சேனல்கள் எவ்வளவு பெரிய அதிகாரம்னு தெரிஞ்சுக்க ஒண்ணு ரெண்டு வீடியோ பாருங்க. ஆனா வெளி ஆளுக்கு அந்த வீட்டு சமாச்சாரம் சீக்கிரமே சலிச்சுடும், எனக்கு சலிச்சுடுச்சு.

ரெண்டாவது, அந்த அதிகாரத்த கேள்வி கேக்கற வீடியோக்கள். 2019 தேர்தலுக்கு சில நாள் முன்னாடி வாட்ச்டாக் குழு செக்ஸி கில்லர்ஸ்னு ஒரு டாகுமெண்ட்ரிய யூடியூப்ல இலவசமா போட்டாங்க, பேரப் பார்த்து பயப்படாதீங்க, அது நிலக்கரி பத்தி. ஜகார்த்தால நாம ஏசி போடற அந்த கரெண்ட் எங்க இருந்து வருதுன்னு ஆரம்பிச்சு, போர்னியோ தீவோட இந்தோனேசியப் பகுதியான கலிமந்தான்ல சுரங்கம் தோண்டி மூடாம விட்ட குழில தண்ணி தேங்கி குழந்தைங்க மூழ்கிச் செத்தத காட்டி, கடைசில அந்த கம்பெனிகள் ரெண்டு வேட்பாளர் பக்கமும் எப்படி கை வச்சிருக்குன்னு கோடு போட்டு காட்டுனாங்க. கோடிக்கணக்குல பார்த்தாங்க. 2024ல ஓட்டுக்கு மூணு நாள் முன்னாடி டர்ட்டி வோட்னு இன்னொண்ணு, மூணு சட்ட நிபுணருங்க உட்கார்ந்து பேசறது மட்டும்தான், அதுவும் தீயா பரவுச்சு. அரசியல் ஆர்வம் இருக்கறவங்களுக்கு செக்ஸி கில்லர்ஸ்தான் சரியான ஆரம்பம், அதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல.

மூணாவதுதான் என் தேர்வு, திலிக். 2018ல வஹ்யு அகுங் பிரசெத்யோ எடுத்த குறும்படம், 2020 ஆகஸ்ட்ல ரவாச்சானா ஃபிலிம்ஸ் யூடியூப்ல போட்டதும் நாடு முழுக்க அத பத்தியே பேச்சு. யோக்யகர்த்தா பக்கத்து கிராமம். ஊர்த் தலைவியம்மா டவுன் ஆஸ்பத்திரில இருக்காங்க, ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து ஒரு திறந்த லாரி பின்னாடி ஏறி நின்னுக்கிட்டே பார்க்கப் போறாங்க. அவ்வளவுதான் கதை. போற வழி முழுக்க பு தேஜோங்கற அம்மா டியான்னு ஒரு கல்யாணமாகாத பொண்ணப் பத்தி வம்பு பேசிக்கிட்டே வர்றாங்க, அவளுக்கு ஏது இவ்வளவு காசு, யார் கூட பார்த்தேன் தெரியுமா, இந்தா போன்ல பாரு ஃபேஸ்புக்ல என்ன போட்ருக்கா. இன்னொரு பக்கம் யு நிங்ங்கற அம்மா, இன்டர்நெட்ல வர்றதெல்லாம் நம்பாதீங்க, விசாரிக்காம ஒரு பொண்ணு பேரக் கெடுக்காதீங்கன்னு மல்லுக்கட்டறாங்க. நடுவுல ட்ராஃபிக் போலீஸ் லாரிய மறிக்கறார், சரக்கு வண்டில ஆள் ஏத்தக்கூடாதுன்னு, பு தேஜோ அவர்கிட்டயும் வாய் கொடுத்து வாங்கு வாங்குன்னு வாங்கிடறாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தா நோயாளி ஐசியூல, யாரும் பார்க்க முடியாது. அத்தன பேரும் வெயில்ல நின்னு வந்தது வீண். அப்ப பு தேஜோ சொல்ற தீர்வு, சரி வந்தது வந்துட்டோம், அப்படியே சந்தைக்குப் போயிட்டு வருவோம். லாரி சந்தைக்குத் திரும்புது. சித்தி ஃபவுசியா அந்த பு தேஜோவா நடிச்சிருக்காங்கன்னே சொல்ல முடியாது, உதட்டச் சுழிக்கறது, வளையல் தெரியற மாதிரி கைய ஆட்டறது, ஒரு விஷயத்த சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டே முழுசா சொல்லி முடிக்கறது. படத்தோட முடிவு அந்த வம்புல உண்மை இருந்துச்சோன்னு நினைக்க வைக்குது, அதனால பொம்பளைங்கன்னா வம்புன்னு காட்டிட்டாங்கன்னு அங்க பெரிய சண்டையே நடந்துச்சு, அந்த விமர்சனத்துல நியாயமும் இருக்கு. ஆனா அந்த லாரில இருக்கற ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மனுஷி, சும்மா கூட்டத்துக்கு நிக்கற முகம் ஒண்ணு கூட கிடையாது, கடன் வாங்கி எடுத்த ஆடம்பரம் ஒரு ஃப்ரேம்ல கூட கிடையாது, அதுக்காகவே நான் இத எல்லாருக்கும் முதல்ல காட்டுவேன். முழுக்க ஜாவா பாஷை, அதனால இந்தோனேசியாக்காரங்களுக்கே சப்டைட்டில் போட்டுத்தான் விட்டிருக்காங்க. பாஷை புரியாம பார்க்கறோமேன்னு உங்களுக்குக் கூச்சமே வேணாம், சுமாத்ரால இருந்து பார்த்தவரும் அப்படித்தான் பார்த்தாரு.

பாட்காஸ்ட்ல இருந்து தியேட்டருக்குப் போன கதையும் ஒண்ணு இருக்கு, அகாக் லாயேன். நாலு காமெடியன்கள், வட சுமாத்ரா பேச்சு வழக்குல அரட்டை அடிக்கற ஷோ, அத படமாக்கி 2024 பிப்ரவரில விட்டாங்க, 90 லட்சம் பேர் பார்த்தாங்க. திருவிழா மைதானத்துல பேய் வீடு நடத்தற நாலு பேர் கதை. த்ரெட்ல இருந்து கேகேஎன், பாட்காஸ்ட்ல இருந்து அகாக் லாயேன், இப்படி அங்க பெரிய திரைக்கு வர்ற சில பெரிய வெற்றிகள் முதல்ல போன்லதான் பிறக்குது. அதனாலதான் போன்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்றேன்.

இனி கொப்லோ. டாங்டுட்ங்கறது இந்தோனேசியாவோட வெகுஜன இசை, தபலா சத்தத்துல இருந்து வந்த பேரு, மலாய் ஆர்க்கெஸ்ட்ராவும் இந்திப் பட பாட்டும் கலந்து வளர்ந்துச்சு, 1970கள்ல ரோமா இராமா அதுக்குள்ள எலெக்ட்ரிக் கித்தார் ராக் கொண்டு வந்து சேர்த்தார். அந்த டாங்டுட்ட கிழக்கு ஜாவாக்காரங்க கெண்டாங் மேளத்த வேகமாக்கி வெளுத்துக் கட்டுனதுதான் கொப்லோ. கல்யாணம், சுன்னத், ஊர் விசேஷம்னு மேடை போட்டு விடியற வரைக்கும் நடக்கும், நம்ம ஊர் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவப் பார்த்தவங்களுக்கு அந்த மேடையே சொந்த ஊரா தெரியும். மேடைல பாடறவங்க நடுவுல பாட்ட நிறுத்தாம விசேஷ வீட்டுக்காரங்க பேரையும் பக்கத்து ஊர் பேரையும் சொல்லி வாழ்த்துவாங்க, கீழ இருந்து ஆளுங்க ஏறி வந்து நோட்ட ஒவ்வொண்ணா கொடுத்துக்கிட்டே ஆடுவாங்க, அதுக்கு சாவேரான்னு பேரு. நியூ பல்லாப்பா, மோனாட்டா, அடெல்லா இதெல்லாம் குழுக்கள் பேரு, இந்த மூணுல எதத் தேடுனாலும் முழு மேடை நிகழ்ச்சியே கிடைக்கும்.

கேக்கறப்ப ஒண்ணு கவனிங்க. பாட்டு சோகமா மெதுவா ஆரம்பிக்கும், காதலி விட்டுட்டுப் போயிட்டா, வாக்குக் கொடுத்துட்டு மறந்துட்டா, அப்ப கெண்டாங்காரர் ஒரு உருட்டு உருட்டுவார், அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் ஆடும், வரி மட்டும் இன்னும் அழுதுக்கிட்டே இருக்கும். அழுகையும் ஆட்டமும் ஒண்ணா போறதுதான் இதோட உயிர்.

யூடியூப் வர்றதுக்கு முன்னாடியே இது வைரல் ஆன கலை. பசுருவான் பக்கத்துப் பொண்ணு இனுல் டராதிஸ்தா, கிராம மேடைகள்ல ஆடுன ஆட்டத்த யாரோ படம் பிடிச்சு திருட்டு விசிடியா விக்க, அது தீவு தீவாப் பரவி, 2003ல ஜகார்த்தா டிவி அவங்களத் தேடி வந்துச்சு. ரோமா இராமா பகிரங்கமா எதிர்த்தார், இடுப்பாட்டம் மதத்துக்கு விரோதம்னாரு, நாடே ரெண்டா பிரிஞ்சு விவாதம் பண்ணுச்சு. இனுல் நின்னு ஜெயிச்சாங்க. ஒரு ஏழைப் பொண்ணோட பிழைப்ப பெரிய மனுஷங்க தடுக்கப் பார்த்தப்ப சனங்க அவ பக்கம் நின்ன கதை அது.

டிடி கெம்போட் கதைய சொல்லாம விட முடியாது. சோலோ ஊர்க்காரர், தெருவுல பாடி ஆரம்பிச்சவர், ஜாவா பாஷைல ரயில்வே ஸ்டேஷன்ல பிரிஞ்சு போன காதலியப் பத்திப் பாடுவார், சோலோவுல இருக்கற பலாப்பான் ஸ்டேஷனும் தீர்த்தோநாடி பஸ் ஸ்டாண்டும் அவர் பாட்டுல அப்படியே பேரோட வரும். பெரியவங்க கேக்கற பாட்டுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. 2019ல அவர் மேடைக்கு முன்னாடி சின்னப் பசங்க கதறி அழற வீடியோ பரவி, திடீர்னு காலேஜ் பசங்க எல்லாம் அவருக்கு ரசிகராகி, உடைஞ்ச மனசுங்களோட ஞானத்தந்தைன்னு பட்டம் கொடுத்தாங்க. 2020 ஏப்ரல்ல கொரோனா நிவாரணத்துக்கு வீட்ல இருந்தே டிவில பாடி 700 கோடி ரூபியாவுக்கு மேல திரட்டுனார், அடுத்த மாசம் 5ஆம் தேதி போயிட்டார், வயசு 53. அவர் மேடை வீடியோல கூட்டத்தப் பாருங்க, பாடறவர விட கூட்டம் சத்தமா பாடும், கண்ணத் தொடச்சுக்கிட்டே பாடும்.

அதுக்கப்புறம் டென்னி சக்னான், ங்காவிங்கற சின்ன ஊர்ல இருக்கற கார்த்தோன்யோனோ நாற்சந்திய வச்சே ஒரு பிரிவுப் பாட்டுப் பாடி நாடு முழுக்கப் போனார். 2022 ஆகஸ்ட் 17, சுதந்திர தினம், பிரசிடெண்ட் மாளிகைல பன்யுவாங்கியைச் சேர்ந்த 12 வயசுப் பையன் என்ன மத்தவங்களோட ஒப்பிடாதேங்கற ஒரு காதல் சோகப் பாட்ட ஜாவா பாஷைல பாட, மந்திரிங்க, ஜெனரலுங்க எல்லாம் யூனிஃபார்மோட எழுந்து ஆடுனாங்க. அந்த வீடியோ ஒண்ணு போதும், கிராமத்து மேடைல ஓடற பாட்டு எவ்வளவு தூரம் ஏறும்னு காட்டறதுக்கு.

தமிழ்க்காரங்களுக்கு இன்னொரு நேரடிக் கண்ணி இருக்கு. 2011ல கொரொந்தாலோல ஒரு போலீஸ்காரர், நார்மன் காமாரு, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு டூட்டில உட்கார்ந்தபடியே சைய்யா சைய்யாவுக்கு வாயசைச்சு ஆடுன வீடியோ இந்தோனேசியாவையே கலக்குச்சு. உயிரே படத்துல நாம தைய்யா தைய்யான்னு கேட்ட ரஹ்மான் மெட்டுதான். மேலிடம் முதல்ல கண்டிச்சுது, சனங்க அவர் பக்கம் நின்னதும் டிவி டிவியா கூப்பிட்டாங்க, கடைசில அதே வருஷம் வேலையும் போச்சு.

டிக்டாக்க இந்த வரிசைல கடைசில வச்சதுக்குக் காரணம், இந்தியால இருக்கறவங்களுக்கு 2020ல இருந்தே அது கிடையாது, இலங்கை, சிங்கப்பூர், மலேசியால இருக்கறவங்களுக்கு மட்டும்தான் இந்த வழி. இந்தோனேசியால பத்து கோடிக்கு மேல ஆளுங்க அதுல இருக்காங்க, பாட்டு, சமையல், கடை எல்லாமே அதுக்குள்ள. நல்லதும் வரும், அந்தப் படகுப் பையன் வீடியோ அப்படித்தான் வந்துச்சு. ரியாவ் மாகாணம் குவாந்தான் சிங்கிங்கில நடக்கற பாச்சு ஜாலூர் படகுப் போட்டி அது, ஒரே மரத்தக் குடைஞ்சு செய்யற நீளப் படகு, ஐம்பது அறுபது பேர் துடுப்புப் போடுவாங்க, முனைல நிக்கற பையன் ஆடுனா நம்ம படகு முந்துதுன்னு அர்த்தம். வேடிக்கைக்கு ஆடுனது இல்ல, அது ஒரு பொறுப்பு, அந்த வேகத்துல அந்த முனைல விழாம நிக்கறதே பெரிய விஷயம். பிரான்ஸ் ஃபுட்பால் கிளப்ல இருந்து எல்லாரும் அந்த ஆட்டத்த ஆடுனாங்க, ஆனா பத்து செகண்ட் துண்டுல இந்த அர்த்தம் எதுவும் வராது. முழுப் போட்டி வீடியோ யூடியூப்ல தேடிப் பாருங்க, மேள சத்தமும் கரைல கூட்டத்தோட கூச்சலும் சேர்ந்துதான் அந்த ஆட்டம்.

கெட்டதும் அங்கதான் வருது. 2023 ஆரம்பத்துல வயசான அம்மாக்கள் சேத்துத் தண்ணிக்குள்ள மணிக்கணக்கா உட்கார்ந்து தலைல தண்ணி ஊத்திக்கிட்டே லைவ்ல கிஃப்ட் கேட்ட வீடியோக்கள் வந்துச்சு, சமூக நல மந்திரி சுற்றறிக்கை விட்டுத் தடுக்க வேண்டியதாச்சு. அந்த மாதிரி லைவ் கண்ணுல பட்டா தயவுசெஞ்சு நிக்காதீங்க, நாம நின்னு பார்க்கற ஒவ்வொரு நிமிஷமும் அந்தம்மாவ இன்னும் கொஞ்ச நேரம் தண்ணிக்குள்ள உட்கார வைக்குது.

சரி, யாருக்கு எது. ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்குன்னா திலிக்கும், அதுக்கப்புறம் டிடி கெம்போட் மேடை வீடியோ ஒண்ணும், மொத்தம் ஒரு மணி நேரம். வீட்ல குழந்தைங்க இருக்காங்கன்னா மேல சொன்ன எதுவும் வேணாம், 2025 லெபாரானுக்கு வந்த ஜம்போ அனிமேஷன், ரயான் அட்ரியாண்டி எடுத்தது, ஒரு கோடிக்கு மேல டிக்கெட் வித்து கேகேஎன் வச்சிருந்த ரெக்கார்டத் தாண்டுன படம், குண்டுப் பையன்னு கேலி பண்றவங்களுக்கு நடுவுல அப்பா அம்மா விட்டுட்டுப் போன கதைப் புத்தகத்த நாடகமா போடணும்னு துடிக்கற ஒரு சின்னப் பையன் கதை. வேலைக்காக ஜகார்த்தா, சுரபாயா போறவங்க அகாக் லாயேனும் ரெண்டு மூணு கொப்லோ பாட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல டென்னி சக்னான் பேர எடுத்துப் பாருங்க, எதிர்ல இருக்கறவங்க முகம் மலரும். சினிமா நுணுக்கம் பிடிக்கறவங்க பெங்காப்டி சேத்தான், ஒரு மாசம் கழிச்சு கடிஸ் க்ரேத்தேக்.

கொப்லோ தேடறப்ப ஸ்டூடியோல எடுத்த மியூசிக் வீடியோவ விட்டுட்டு மேடைல எடுத்ததா பார்த்துப் போடுங்க, நீளமா இருக்கறதா, ஒரு மணி நேரத்துக்கு மேல. முதல் பாட்டு கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும், ரெண்டாவது மூணாவது பாட்டுக்குள்ள கெண்டாங்காரர் சூடாகிடுவார்.